உங்கப்பா பேருக்குக் கீழே ரெண்டு வரி

கண்ணு,

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நீ பரோடாவுலிருந்து போன்ல பேசினப்போ, "சரி சாமி"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அது சரின்னு சொன்னது இல்லை. போனை வெக்கறதுக்காகச் சொன்னது. கல்யாண மேடைல அப்பா நிக்கற எடத்துல, அவரு வேலை பார்த்த கம்பெனி சூப்பர்வைசர் சாரை நிக்க வெக்கலாமான்னு கேட்டே. சின்ன வயசுலிருந்து நமக்கு ஒத்தாசையா இருந்தவரு, அவரை விட்டா யாரும்மா இருக்காங்கன்னே. அப்பறம் குரலைக் கொறைச்சுக்கிட்டு, பத்திரிகைல அப்பா பேரைச் சின்ன எழுத்துல போட்டாப் போதும், அவரு எப்படிச் செத்தாருன்னு பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு நாமளே எதுக்கு ஞாபகப்படுத்தோணும்னே. உன் மேல எனக்குக் கோவம் இல்லை. இப்படிப் பேசறதுக்கு உன்னை வளர்த்ததே நான்தான். என் கோவம் அந்த சூப்பர்வைசர் மேல. அதை ஆற விடாம இத்தனை நாளாக் காப்பாத்தி வெச்சிருக்கேன்.

போன்ல சொன்னா நீ "மீட்டிங் இருக்கும்மா, அப்பறம் பேசலாம்"னு வெச்சுருவே. அதனால எழுதறேன். நீ மட்டும் படிக்கறதுக்கு எழுதலை. கட்டிக்கப்போற புள்ளைகிட்டக் குடு, அவ அப்பா அம்மாவுக்கும் படிச்சுக் காட்டச் சொல்லு. நம்ம எருத்தேன்பதில யாரு கேட்டாலும் நானே படிச்சுக் காட்டறேன். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வெச்சதுல வந்த கேடு போதும்.

உங்கப்பா நாச்சிமுத்து குடிச்சுச் செத்தாருன்னுதான் உனக்குத் தெரியும். ஊருக்கும் அதுதான் தெரியும். அவரு குடியே அறியாதவருன்னு நான் பொய் சொல்லப்போறதில்லை. ஞாயித்துக்கிழமையானா ஷாப்புக்குப் போயி ஒரு பாட்டில் கள்ளு குடிப்பாரு. வர்றப்போ உனக்கு எதாச்சும் மிட்டாய் வாங்கிட்டு வருவாரு. நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பாதி ஆம்பளைங்க அப்படித்தான். அதுக்கு நான் சண்டை போட்டிருக்கேன், சோத்துத் தட்டை வீசியிருக்கேன். ஆனா வேலை நாள்ல அவரு தொட்டதே இல்லை. காத்தால ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கே எந்திரிச்சு, பழைய சோத்தைத் தூக்குப்போசில போட்டுக்கிட்டுக் கெளம்பற மனுஷன்.

கம்பெனில அவருக்கு டிரம் ரொப்பற வேலை. டேங்கர் லாரில வர்ற மருந்தை ஓஸ் குழாய் மாட்டி டிரம்முக்கு மாத்தோணும். அது பேரு அனிலின். சாயத்துக்கும் ரப்பருக்கும் சேர்க்கறதாம். வேலைக்காரங்க யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க, "எண்ணெய்"னுதான் சொல்லுவாங்க. டிரம்மு மேல மண்டையோட்டுப் படமும் எழுத்தும் இருந்துச்சு. எழுத்து இங்கிலீஷும் மலையாளமும். நம்ம பக்கத்து ஆளுங்க கேரளாவுல பொறந்து கேரளாவுலயே செத்தாலும் படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம். உங்கப்பாவுக்கு மலையாளத்துல பஸ்ஸு போர்டுல இருக்கற பாலக்காடுங்கற எழுத்து மட்டும்தான் அடையாளம் தெரியும். எண்ணெய்தானேன்னு, கையில பட்டாத் துண்டுல தொடைச்சுக்கிட்டு அடுத்த டிரம்மைப் பார்ப்பாங்க.

நீ அப்போ நாலாவது படிச்சுக்கிட்டிருந்தே. ஒரு புதன்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வாசல்ல கடலைக்காய் காயப் போட்டுட்டிருந்தேன். அவரு தள்ளாடித் தள்ளாடி வர்றாரு. பஸ்காரன் குடிகாரன்னு முன்னாடி ஸ்டாப்லயே எறக்கி விட்டிருக்கான். சட்டை முன்பக்கம் முச்சூடும் ஈரம். மீன் அழுகினாப்புல ஒரு நாத்தம். வாய் கொழறுது. "மேலே எண்ணெய் கொட்டிருச்சு புள்ளை, தலையைத் தூக்க முடியலை, சித்த நேரம் படுக்கறேன்"னாரு. "எண்ணெய் கொட்டுச்சா, கள்ளு கொட்டுச்சா? புதன்கிழமையும் ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேட்டேன். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தாப் பார்ப்பான், இந்தக் கோலத்துல உள்ள வராதீங்கன்னு மாட்டுக் கொட்டாய்ல சாக்கை விரிச்சுப் படுக்க விட்டேன். அந்த ஈரச் சட்டையோடயே படுத்தாரு. போதை எறங்கட்டும்னு மோருல எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தேன். உதடு நாவப்பழம் தின்னாப்புல நீலமா இருந்துச்சு, நகமும் அதே நெறம். ஷாப்புல என்ன கருமத்தைக் கலந்து குடுத்தானோன்னு நெனைச்சுக்கிட்டேன். நீ வந்து எட்டிப் பார்த்துட்டு, "அப்பா குடிச்சிருக்காரா?"ன்னு கேட்டே. ஆமான்னு சொன்னேன்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. ஜீப்புப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன வயசு. ஊசி வெச்சு ரத்தம் எடுத்தவ அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா. ரத்தம் செவப்பா இல்லை, கருங்காப்பியாட்டம் இருந்துச்சு. என்னைப் பார்த்து மலையாளத்துல வேகமா என்னமோ கேட்டா. என்ன வேலை பார்த்தாருன்னு கேக்கறாங்கற வரைக்கும் எனக்குப் புரிஞ்சது. நான் வாயெடுக்கறதுக்குள்ள, எப்படியோ தகவல் தெரிஞ்சு அங்கே வந்து நின்ன சூப்பர்வைசர் சார் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிட்டாரு. "குடியாணு டாக்டரே"ன்னாரு. குடிதான்னு சொன்னது மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சது. நானும் தலையை ஆட்டினேன். பொழுது சாயறதுக்குள்ள உங்கப்பா போயிட்டாரு.

ஆஸ்பத்திரி வராந்தாவுல சூப்பர்வைசர் சார் ஒரு தாளை நீட்டினாரு. முழுக்க மலையாளம். "தங்கச்சி, பாடி வேகம் விட்டுக் கிட்டணும்னா இதுல ஒரு ஒப்பு வேணும். பாக்கியெல்லாம் நான் நோக்கிக்கலாம்"னாரு. ஒப்புன்னாக் கையெழுத்து. என்ன எழுதியிருக்குதுங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லை, எல்லாருகிட்டயும் வாங்கறதுதான்னாரு. அவரே பேனா மூடியைக் கழட்டிக் குடுத்தாரு. நான் தமிழ்ல என் பேரை எழுதினேன். ஒரு நிமிஷம் கூட ஆகலை. படிக்கத் தெரியாததுக்குக் கீழே பேரை எழுதிக் குடுக்கறது நம்ம ஊர்ல புதுசா? ரேஷன் கார்டிலிருந்து நெலத்து வரி வரைக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டிருந்தோம். ஊட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்தச் சட்டையை அடுப்புல போட்டு எரிச்சேன்.

அதுக்கப்பறம் உனக்கே தெரியும். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் தொறக்கறப்போ சூப்பர்வைசர் சார் பையும் குடையும் வாங்கிட்டு வருவாரு. பாலக்காட்டு ஹாஸ்டல்ல உனக்கு எடம் வாங்கிக் குடுத்தாரு. வர்றப்பவெல்லாம் உன்னை அவரு கால்ல விழ வெச்சேன். நெனைச்சா இப்பவும் என் கையை வெட்டிக்கலாம் போல இருக்குது. உன்னை ஒவ்வொரு தடவை அதட்டறப்பவும், "உங்கப்பன் மாதிரி ஆயிராதே"ன்னேன். பசங்க உன்னைக் குடிகாரன் மவன்னு கூப்பிட்டதுக்குச் சண்டை போட்டு, நீ மூக்குல ரத்தத்தோட ஊட்டுக்கு வந்தப்போ, "அவங்க பொய்யா சொன்னாங்க?"ன்னு கேட்டேன். ஏழாவது படிக்கறப்போ நீ உங்கப்பா போட்டோவைக் கழட்டி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால சொருகி வெச்சே. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். செத்த மனுஷனை நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து தெனமும் ஒரு தடவை ஊட்டை விட்டு வெளியே தள்ளினோம்.

இப்போ நீ மறந்துபோன ஒரு விசயத்தைச் சொல்றேன். நீ கெமிக்கல் எஞ்சினியரிங் காலேஜு ரெண்டாவது வருஷம், பரீட்சை லீவுல வந்திருந்தே. படிச்சதை எனக்குத் தமிழ்ல சொல்லிப் பார்ப்பியே, அப்படி ஒரு நாள் காத்தால நான் கடலைக்காய் உரிச்சுட்டிருக்க, நீ பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வந்தே. "அனிலின். தோல் வழியாவே உள்ள போயிரும். ரத்தத்துல பிராணவாயு ஏறாது. ரத்தம் காப்பி நெறத்துக்கு மாறும். உதடு நீலமாகும். ஆளு தள்ளாடுவான், பேச்சு கொழறும், பார்த்தாக் குடிச்சவன் மாதிரியே இருப்பான்"னே. என் கை நின்னுபோச்சு. "உதடு என்ன ஆகும்னே?"ன்னு கேட்டேன். "நீலமாகும்மா"ன்னே. அப்படி ஆனா என்ன பண்ணோணும்னு கேட்டேன். "ஒடனே துணியைக் கழட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவோணும். ஊசில ஏத்தறதுக்கு ஒரு நீல மருந்து இருக்குது. நேரத்துக்குக் குடுத்தாப் பொழைச்சுக்குவாங்க"ன்னுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டே. நான் மொறத்தை எடுத்துக்கிட்டுக் கொட்டாய்க்குப் போயி மாட்டோட கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன். என்னம்மா பண்றேன்னு நீ கேட்டே. உண்ணி பாக்கறேன்னேன்.

அடுத்த வாரம் மாரப்பன் ஊட்டுக்குப் போனேன். உங்கப்பா கூட டிரம் ரொப்பினவன், கம்பெனியை விட்டு நின்னு வருஷமாகுது. என்னைப் பார்த்ததுமே அழுதுட்டான். "ஓஸ் பிச்சுக்கிட்டு அண்ணன் மேலே முழுசா அடிச்சிருச்சுங்க அக்கா. நாத்தம் தாங்கலை, குளிச்சுட்டு வர்றேன் சாருன்னு கேட்டாரு. டேங்கர் போகட்டும், அப்பறம் குளின்னு சூப்பர்வைசர் சார் சொல்லிட்டாருங்க. ரெண்டு மணி நேரம் அதே சட்டைலதான் ரொப்பினாரு. தள்ளாட ஆரம்பிச்சதும், நீ குடிச்சிருக்கே, வெளியே போன்னு கேட்டுக்கு வெளியே தள்ளிட்டாரு. உதடு நெறம் மாறினதை சார் பார்த்தாருங்க. பார்த்துட்டுத்தான் தள்ளினாரு"ன்னான். ஏண்டா பாவி அப்பவே சொல்லலைன்னு கேட்டேன். "நானும் புள்ளைகுட்டிக்காரனுங்க"ன்னான். அவனை என்ன பண்றது? கால் கிலோ மிச்சரோட போனவ, அதைக் குடுக்காமத் திரும்பி வந்துட்டேன்.

அன்னிலிருந்து எனக்கு ஒரே வேலை. பஞ்சாயத்துல பெரியவங்களுக்கு நடத்தற மலையாள வகுப்புல போயிச் சேர்ந்தேன். பொழுதுபோகலையான்னு நீ கூட லொள்ளு பண்ணினே. நாப்பத்தஞ்சு வயசுல பாலர் பாட்டுப் பாடவா நான் எழுத்துப் படிச்சேன்? எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு வருஷமாச்சு. தகவல் கேட்டு மனு எழுதி எழுதி, நாலு ஆபீஸ் ஏறி எறங்கி, கடைசில ஒரு நாள் தபால்ல அந்தத் தாளோட நகல் வந்துச்சு. நானே படிச்சேன். என் புருஷன் தெனமும் குடிப்பவர். சம்பவத்தன்று குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் சாவுக்குக் கம்பெனி காரணம் இல்லை. எனக்குப் புகார் எதுவும் இல்லை. இவ்வளவும் மலையாளத்துல. கீழே தமிழ்ல என் பேரு. உங்கப்பாவைக் குடிகாரன்னு எழுதிக் குடுத்த ஒரே சாட்சி நான் கண்ணு. அதை வெச்சுத்தான் கம்பெனி தப்பிச்சுது. அந்த சூப்பர்வைசர் பதவி ஒசந்து, ரிட்டயர் ஆகி, பாலக்காட்டுல ஊடு கட்டி, ரோசாச் செடி வளர்த்துட்டிருக்கான்.

வக்கீலைப் பார்த்தேன். சட்டை இல்லை, ஒடம்பு இல்லை, உங்க கையெழுத்தே எதிரா நிக்குது, காலமும் கடந்துபோச்சுன்னுட்டாரு. உன்கிட்டச் சொல்லியிருக்கோணும். உனக்குப் பரீட்சை, அப்பறம் வேலை, அப்பறம் பொண்ணு பார்க்கறதுன்னு நாளைத் தள்ளிட்டேன். நெசத்தைச் சொன்னா, நான் உங்கப்பாவை ஈரச் சட்டையோட படுக்க விட்டதை உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. கழுவியிருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு உன் வாயால கேட்டவ நான்.

நீ இப்போ அதே மாதிரி ஒரு கம்பெனில எஞ்சினியரா இருக்கே. உன் கைக்குக் கீழே பீகார்க்காரன், ஒடியாக்காரன் எல்லாம் வேலை பார்க்கறதாச் சொன்னே. பெத்தவ ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஒருத்தன் தள்ளாடி வந்தா வாயை மோந்து பார்க்காதே, சட்டையை மோந்து பாரு. டிரம்மு மேல அவன் பாஷைல எழுதி வெய்யி. எழுதப் படிக்கத் தெரியாதவனா இருந்தா நீயே வாயில சொல்லு, அவன் திருப்பிச் சொல்ற வரைக்கும் விடாதே. லாரி நிக்கட்டும், அவன் குளிச்சுட்டு வரட்டும். ஊட்டுலயும் அப்படித்தான். அந்தப் புள்ளை ஒடம்பு சரியில்லைன்னு சொன்னா முதல்ல நம்பு. சண்டை போடறதுக்கு மறுநாள் இருக்குது. எனக்கு அந்த மறுநாள் கெடைக்கலை.

இப்போ பத்திரிகைக்கு வர்றேன். நீ சொன்ன மாதிரி சின்ன எழுத்துல போடலை. கொழிஞ்சாம்பாறை பிரஸ்ஸுல அடிக்கக் குடுத்தேன். "தெய்வத்திரு நாச்சிமுத்து அவர்களின் மகன்"னு பெரிய எழுத்து. அதுக்குக் கீழே ரெண்டு வரி: "வேலையில் அனிலின் மேலே கொட்டி, கழுவ விடாததால் இறந்தவர். குடித்து இறந்தவர் அல்ல." பிரஸ்காரத் தம்பி ரெண்டு தடவை படிச்சுட்டு, "ஏனுங்க அக்கா, நல்ல காரியத்துக்கு அடிக்கற பத்திரிகைல இதைப் போடலாமுங்களா?"ன்னு கேட்டான். "எங்க ஊட்டுல இதைவிட நல்ல காரியம் வேற இல்லை, அப்படியே போடு"ன்னேன். எழுத்துப்பிழை இருக்கான்னு மூணு தடவை பார்த்து வாங்கினேன். ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் தமிழ்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் மலையாளத்துல அடிச்சேன். அந்த சூப்பர்வைசருக்கு. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புரியாத தாளை நீட்டறது அவன் பழக்கம், எனக்கு அது வேண்டாம்.

முதல் பத்திரிகை குலசாமிக்கு. ரெண்டாவது அவனுக்கு. வெத்தலை பாக்கு, பழம், மஞ்சத் தடவின பத்திரிகை, எல்லாம் தட்டத்துல வெச்சு மொறையாத்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வெச்சாங்க, நான் தொடலை. அவன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சிரிச்ச மொகமாப் படிக்க ஆரம்பிச்சான். ரெண்டாவது வரிக்கு வந்தப்போ மொகம் மாறுச்சு. "தங்கச்சி, இது பழைய காரியமல்லவா, பையனோட கல்யாணத்துக்கு…"ன்னு இழுத்தான். "முழுசாப் படிங்க. மெதுவாப் படிங்க. எனக்கு நீங்க குடுத்த ஒரு நிமிஷம் மாதிரி இல்லை, உங்களுக்கு நாள் கெடக்குது"ன்னேன். அப்பறம் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வெச்சேன். நானே மலையாளத்துல எழுதினது. நாச்சிமுத்து அன்னைக்குக் குடிச்சிருக்கலை, மருந்து மேலே கொட்டினது எங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் அவரைக் கழுவலைன்னு எழுதியிருந்தேன். பேனா மூடியை நானே கழட்டிக் குடுத்தேன். அவன் அதை வாங்காம நாற்காலியைப் பின்னால தள்ளிக்கிட்டான். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு கண்ணு, மறைக்க மாட்டேன். "வக்கீலைக் கேக்கணும்"னான். "கேளுங்க. அன்னைக்கு எனக்குக் கேக்கறதுக்கு ஆளில்லை"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுலிருந்து திங்கக்கிழமை தோறும் காத்தால பஸ்ஸு ஏறிப் போறேன். அவன் ஊட்டுக் கேட்டுக்கு முன்னால ஒரு மணி நேரம் நிக்கறேன். சத்தம் போடறதில்லை. அக்கம்பக்கத்துல யாராவது என்னன்னு கேட்டா மலையாளத்துலயே சொல்றேன். மூணு திங்கக்கிழமை ஆச்சு. இப்பவெல்லாம் அவன் ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்த வெளியே வர்றதில்லை. கையெழுத்துப் போட்டா அவனை நான் மன்னிச்சுருவேன்னு நெனைச்சுக்காதே. மன்னிப்பு என்கிட்ட இல்லை. போட்டான்னா, கல்யாணத்துக்கு வந்து அதைச் சபைல படிச்சுட்டு, பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். மேடைல உங்கப்பா எடத்துல யாரும் நிக்கக்கூடாது. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால இருந்த போட்டோவைத் தொடைச்சு வெச்சிருக்கேன், அதுதான் அங்கே நிக்கும். உனக்கு இது அவமானமாப் பட்டாச் சொல்லு, நான் மண்டபத்துக்கு வரலை. ஆனா பத்திரிகை மாறாது.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. அன்னைக்குக் கொட்டாய்ல மோரைக் குடுக்கறப்போ, குனிஞ்சு உங்கப்பா வாயை மோந்து பார்த்தேன். கள்ளு வாசம் இல்லை. இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும், புடிச்ச சண்டையை விட மனசில்லாம அப்படியே விட்டுட்டு வந்தேன். அதனால அந்தாளுகிட்டக் குடுத்த தாள்ல கீழே ரெண்டு கையெழுத்துக்கு எடம் விட்டு எழுதினேன். முதல் எடத்துல என் பேரை நானே எழுதிட்டேன், மலையாளத்துல, முழுசாப் படிச்சுட்டு. ரெண்டாவது எடம் காலியா இருக்குது. வர்ற திங்கக்கிழமையும் போறேன்.

அம்மா